அந்த 36 இன்ச் கணக்கு அல்ல: பழைய புர்தா இதழ்களிலிருந்து தைப்பது பற்றி

கேள்வி இதுதான்: "என் அத்தை 1970-களில் மேற்கு ஜெர்மனியில் நர்ஸாக இருந்தவர். அவர் சேர்த்துவைத்திருந்த, புர்தா மோடன் என்ற ஜெர்மன் ஃபேஷன் இதழ்கள் பன்னிரண்டு, 1968 முதல் 1974 வரையிலானவை, என்னிடம் வந்திருக்கின்றன. என் மார்புச் சுற்றளவு 36 என்பதால், 36 என்று போட்டிருந்த கையில்லாத கவுன் ஒன்றைப் பிரதியெடுத்து, அப்படியே துணியில் வைத்து வெட்டித் தைத்தேன். முதுகில் ஜிப் வைக்கும் இடம் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் திறந்தே நிற்கிறது. இடுப்பும் கீழே இறங்கிவிட்டது. அந்தக் காலத்துப் பெண்கள் அவ்வளவு ஒல்லியா? ஜெர்மன் தெரியாமல் இந்த இதழ்களிலிருந்து தைக்க முடியுமா? உடைகளின் துண்டுகளை வரைந்து இதழோடு கொடுத்திருக்கும் அந்தப் பெரிய பேட்டர்ன் தாளைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது."

முடியும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் தையலில் தவறு எதுவும் இல்லை. வெட்டுவதற்கு முன்பே இரண்டு இடங்களில் கணக்கு சறுக்கியிருக்கிறது. அந்த உள்ளங்கை அகலம் எங்கிருந்து வந்தது என்று கிட்டத்தட்ட சென்டிமீட்டர் வாரியாகச் சொல்லிவிடலாம்.

முதலில் அந்த 36. நம் ஊரில் 36 என்றால் இன்ச். ஜாக்கெட் அளவு, பனியன் அளவு எல்லாம் அந்தக் கணக்கில்தான் காதில் விழுந்து பழகியிருக்கிறது. ஜெர்மன் அளவு எண் அப்படி வருவதில்லை. மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, பாதியாக்கி, அதிலிருந்து ஆறைக் கழித்தால் வருவது அவர்களுடைய எண். 84 சென்டிமீட்டர் மார்புக்குப் பாதி 42, ஆறு போக 36. ஆக, அந்தக் கவுன் 33 இன்ச் மார்பு உள்ள பெண்ணுக்கானது. உங்கள் 36 இன்ச் என்பது சுமார் 92 சென்டிமீட்டர். பாதி 46, ஆறு போக 40. நீங்கள் எடுத்திருக்க வேண்டியது 40. இங்கே எட்டு சென்டிமீட்டர் போயிற்று.

அடுத்தது தையலுக்கு விடும் துணி. புர்தா இதழின் பேட்டர்ன் தாளில் உள்ள கோடு, ஊசி ஓட வேண்டிய கோடு. கத்தரிக்கோல் ஓட வேண்டிய கோடு அதற்கு வெளியே இருக்கிறது, அதை நீங்கள்தான் வரைந்துகொள்ள வேண்டும். உறையில் போட்டு விற்கும் அமெரிக்க பேட்டர்ன்களில் ஒன்றரை சென்டிமீட்டர் மார்ஜின் சேர்ந்தே வரும், அதில் பழகியவர்களும் இங்கே வந்து ஏமாறுவார்கள். உங்கள் கவுனில் இரண்டு பக்கத் தையல், முதுகு நடுவில் ஒரு தையல். ஒவ்வொரு தையலும் இரு புறமும் ஒன்றரை வீதம் மூன்று சென்டிமீட்டரை விழுங்கும். மூன்று தையலுக்கு ஒன்பது. எட்டும் ஒன்பதும் பதினேழு. கவுனில் உடம்பு அசைவதற்கென்று சுமார் எட்டு சென்டிமீட்டர் தளர்வு முன்பே வைத்திருப்பார்கள். அது போக, குறைந்தது ஒன்பது. உங்கள் உள்ளங்கையை அளந்து பாருங்கள்.

ஆகவே, ஜெர்மன் பெண்கள் ஒல்லியா என்ற கேள்விக்கு இந்தக் கவுன் சாட்சி சொல்லாது. ஆனால் அவர்கள் உயரம். இறங்கிப்போன இடுப்புக்குக் காரணம் அதுதான். புர்தாவின் சாதாரண அளவுகள் எல்லாமே 168 சென்டிமீட்டர் உயரத்தை வைத்து வரையப்பட்டவை, அதாவது ஐந்தடி ஆறு அங்குலம். நான் 155. என் முதல் புர்தா கவுனில் பெல்ட் இடுப்பெலும்பின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டில் யாரோ "இது என்ன, சட்டை மேல் அரைஞாண்கொடியா?" என்று கேட்டார்கள்.

இதற்கு இதழிலேயே ஒரு வழி ஒளிந்திருக்கிறது. சில பக்கங்களில் 19, 20, 21 என்று சின்னச் சின்ன எண்களைப் பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் அளவு என்று நினைத்துப் பலர் கடந்துவிடுகிறார்கள். அவை குட்டையான பெண்களுக்கானவை, சுமார் 160 சென்டிமீட்டர் உயரத்துக்கு. சாதாரண அளவைப் பாதியாக்கினால் குட்டை அளவு: 40-க்கு 20. இரட்டிப்பாக்கினால் நெட்டை அளவு: 40-க்கு 80. உங்கள் பன்னிரண்டு இதழ்களில் 20 என்று எங்கெல்லாம் போட்டிருக்கிறதோ, அந்த மாடல்களை முதலில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் வேலை பாதியாகக் குறையும். ஒவ்வோர் இதழிலும் அளவுப் பட்டியல் ஒன்று அச்சாகியிருக்கும். 'ஓபர்வைட்டெ' என்று தொடங்கும் வரிசை மார்பு, 'டாயெ' அல்லது 'டாயென்வைட்டெ' இடுப்பு, 'ஹுஃப்ட்வைட்டெ' புட்டச் சுற்றளவு. நான் சொன்ன வாய்பாட்டைவிட அந்த இதழின் பட்டியல் சொல்வதே கடைசி வார்த்தை.

இனி தாள். பிரித்துப் போட்டால் ரயில்வே வரைபடம்போல் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இருபது முப்பது உடைகள், கோட், பாவாடை, குழந்தைச் சட்டை எல்லாம் ஒரே பரப்பில் பின்னிக் கிடக்கும், பின்பக்கத்திலும் அப்படியே. இது புர்தா கண்டுபிடித்த தந்திரம் இல்லை. 1855-இல் பெர்லினில் தொடங்கிய டெர் பாசார் இதழும், அதனோடு ஏற்பாடு செய்துகொண்டு 1867-இல் நியூயார்க்கில் வந்த ஹார்ப்பர்ஸ் பாசார் இதழும் இப்படித்தான் தாளை நெருக்கி அச்சடித்தன. காகிதமும் தபால் செலவும் மிச்சம். படிப்பவர் கண்ணுக்குத்தான் கேடு.

கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள ஓர் ஒழுங்கு இருக்கிறது. தைக்கப்போகும் மாடலின் எண்ணைக் குறிப்புப் பக்கத்தில் தேடுங்கள். அங்கே அந்த உடையின் துண்டுகள் சின்னப் படங்களாக இருக்கும்: முன்பக்கம், பின்பக்கம், காலர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எந்தத் தாள், எந்த நிறம், எந்த வகைக் கோடு என்பதும் அங்கேயே இருக்கும். பிறகு தாளின் ஓரத்தைப் பாருங்கள். விளிம்பில் வரிசையாக எண்கள் அச்சாகியிருக்கும். உங்கள் துண்டின் எண்ணை விளிம்பில் கண்டுபிடித்து, அங்கிருந்து ஸ்கேலை நேராக உள்ளே நகர்த்திக்கொண்டே போனால் அதே நிறத்தில் அதே எண் எதிர்ப்படும். அதுதான் உங்கள் துண்டு. தாள் முழுவதையும் படிக்க முயலாதீர்கள், அந்த ஓர் எண்ணும் அதன் கோடும் மட்டும் போதும்.

கோடு என்று சொல்லும்போதே என் அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. புள்ளி-கோடு-புள்ளி என்று ஓடும் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தை வரைந்துகொண்டிருந்தேன். கை இணையும் ஆர்ம்ஹோல் வளைவில் இன்னொரு கோடு குறுக்கே வந்தது, அது புள்ளி-புள்ளி-கோடு. கவனிக்காமல் அதற்குத் தாவிவிட்டேன். வெட்டி முடித்த பிறகு பார்த்தால், என் கவுனின் ஆர்ம்ஹோல் வளைவுக்குப் பதிலாக ஏதோ ஒரு குழந்தை மேலங்கியின் கழுத்து வந்திருந்தது. வெட்டியது காகிதம்தான் என்பதால் பிழைத்தேன். அன்றிலிருந்து முதல் வேலை, ஹைலைட்டர் பேனாவோடு தாளின் மேல் பட்டர் பேப்பரை விரித்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு புள்ளி வைத்துக்கொள்வது. மூலைகள் எல்லாம் சரி என்று பார்த்த பிறகே கோட்டை இழுப்பேன். பட்டர் பேப்பர் நகராமலிருக்க நான்கு மூலைகளில் டம்ளர்களைக் கவிழ்த்துவைத்தால் போதும். ஊக்கு குத்தவேண்டாம், ஐம்பது வயதுத் தாள் அதைத் தாங்காது.

பிரதியெடுக்கும்போது கோட்டோடு சேர்த்து எடுக்க வேண்டிய சங்கதிகள் சில உண்டு. நீண்ட அம்புக்குறி ஒன்று இருக்கும், பக்கத்தில் 'ஃபாடன்லௌஃப்' என்று எழுதியிருக்கும். அது துணியின் பாவு நூல் ஓடும் திசை, கரைக்கு இணையாக வரவேண்டும். 'ஷ்டோஃப்ப்ருக்' என்றால் துணியின் மடிப்பு. அந்த ஓரத்தை வெட்டாமல் மடிப்பில் வைக்க வேண்டும். 'ஃபோர்டரெ மிட்டெ' முன் நடு, 'ரூக்வெர்டிகெ மிட்டெ' பின் நடு, 'ஆப்னேயர்' டார்ட் (உடம்பின் வளைவுக்காகத் துணியைக் கூம்பாக மடித்துத் தைக்கும் இடம்), 'எர்மெல்' கை, 'நாட்ஸூகாபெ' தையலுக்கு விடும் துணி. இந்த ஏழு சொற்களைத் தாளின் மேலேயே பென்சிலால் தமிழில் எழுதிவிடுங்கள், இரண்டாவது உடைக்குள் அகராதி தேவைப்படாது. தையல் கோடுகளின் முனைகளில் சிறிய எண்கள் தனியாக இருக்கும். அவற்றைத் துண்டின் எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்பக்கத்தின் 2 பின்பக்கத்தின் 2-ஓடு சேரும் என்பதற்கான அடையாளம் அவை. செய்முறைக் குறிப்பு ஒரு வரிகூடப் புரியாவிட்டாலும் இந்த எண்களை மட்டும் பிடித்துக்கொண்டு ஓர் உடையைக் கூட்டிவிடலாம். இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு இடையே இருப்பது சுருக்கவோ, இழுத்து அமர்த்தவோ வேண்டிய பகுதி. கோட்டின் முனையில் அம்பும் அருகில் ஓர் எண்ணும் இருந்தால், தாளில் இடம் போதாமல் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அத்தனை சென்டிமீட்டர் நீங்கள் நீட்டிக்கொள்ள வேண்டும். நீளப் பாவாடைகளில் இதைத் தவறவிட்டால் முழங்காலுக்கு மேலே நிற்கும்.

செய்முறைக் குறிப்பு ஏன் இவ்வளவு சுருக்கம் என்றால், இது தையல் கற்றுக்கொடுக்க வந்த இதழ் இல்லை. ஓஃபன்புர்க் நகரத்தில் என்னெ புர்தா இதைத் தொடங்கிய கதை ஜெர்மனியில் பலருக்கும் தெரியும். கணவர் தம் முன்னாள் செயலாளருக்காக ஏற்பாடு செய்திருந்த சிறிய ஃபேஷன் பதிப்பகம் ஒன்று பக்கத்து ஊரான லாரில் இருந்தது. அவர்கள் உறவு தெரியவந்ததும், 1949-இல், அந்தப் பதிப்பகத்தையே தம் கைக்கு எடுத்துக்கொண்டார் அந்த அம்மாள். 1950 ஜனவரியில் முதல் இதழ், ஒரு லட்சம் பிரதி. 1952 முதல் பேட்டர்ன் தாளும் சேர்ந்து வந்தது. போர் முடிந்து கொஞ்ச காலமே ஆகியிருந்த நாடு, கையில் காசு குறைவு, தைக்கத் தெரிந்த பெண்கள் வீட்டுக்கு வீடு. கடையில் வாங்க முடியாத உடுப்பை வீட்டில் தைத்துக்கொள்ளலாம் என்பதே அந்த இதழின் மொத்த வியாபாரமும். வாசகிக்குக் காலர் திருப்பத் தெரியும், ஜிப் வைக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டே எழுதினார்கள். பின்னாளில், 1987-இல், ரஷ்ய மொழிப் பதிப்பு மாஸ்கோவில் வெளிவந்தபோதும் அதே கதைதான். கடையில் கிடைக்காததைத் தாளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: காகிதத் துண்டுகள் தயாரானதும் துணியைத் தொடாதீர்கள். முதலில் தாளை அளந்து பாருங்கள். முன்பக்கத் துண்டின் மார்புக் கோட்டை டார்ட் விட்டு அளந்து, பின்பக்கத் துண்டையும் அளந்து, கூட்டி இரண்டால் பெருக்கினால் உடையின் உண்மையான சுற்றளவு வரும். இதை எதோடு ஒப்பிடுவது? இங்கேதான் நம் வழக்கம் ஒன்று காலை வாரும். டெய்லரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்துப் பழகிய கை, அதையே எடுத்துத் தாளின் மேல் வைக்கும். அளவு ஜாக்கெட் உடம்போடு ஒட்டித் தைத்தது, மூச்சுக்கு மட்டும் இடம் விட்டது. அதை வைத்துப் பார்த்தால் எந்த கவுனும் தொளதொளவென்று தோன்றும், நீங்களும் குறைத்துவிடுவீர்கள். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் சுடிதார் டாப் ஒன்றை, இழுபடாத துணியில் தைத்ததாகப் பார்த்து, அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாளின் அளவு அதற்குப் பக்கத்தில் வந்தால் போதும்.

உயரத்தைக் குறைக்கும்போது எல்லாவற்றையும் கீழ் ஓரத்திலிருந்து வெட்டி எறிவது பெரிய தவறு. உடம்பு ஒரே இடத்தில் குட்டையாக இருப்பதில்லை. என் 155-க்கு நான் செய்வது: ஆர்ம்ஹோலின் நடுவில் குறுக்காக மடித்து ஒரு சென்டிமீட்டர், மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில் இரண்டு, இடுப்புக்குக் கீழே ஒன்று, மீதியைப் பாவாடைப் பகுதியில். ஆர்ம்ஹோலில் ஒரு சென்டிமீட்டர் எடுத்தால் கையின் மேல் வளைவிலும் அதே அளவு எடுக்க வேண்டும். மறந்தால் கை தோளில் புடைத்து நிற்கும். டார்ட்டின் நுனி எங்கே முடிகிறது என்று கண்ணாடி முன் தாளை உடம்பில் வைத்துப் பாருங்கள். அறுபதுகளின் உள்ளாடை வேறு வடிவம், மார்பை இன்னும் மேலே தூக்கி நிறுத்தியது. இன்றைய உடம்புக்கு டார்ட் நுனியைப் பெரும்பாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறக்க வேண்டியிருக்கும்.

பிறகு காடா துணியில் ஒரு தடவை. நல்ல துணியை இரண்டாவதாக வெட்டுங்கள். காடாவை ஒரு முறை நனைத்துக் காயவைத்து, பக்கங்களை மட்டும் நீளத் தையலில் ஓட்டி, போட்டுக்கொண்டு உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், மேல் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுங்கள். நின்று கண்ணாடி பார்த்தால் எல்லா உடையும் பொருந்துவது போலத்தான் இருக்கும். காடாவில் பேனாவால் குறித்த திருத்தங்களைக் காகிதத்துக்கு மாற்றிய பிறகு, அந்தக் காகிதம் உங்கள் சொத்து, இனி எத்தனை உடை வேண்டுமானாலும் வெட்டலாம்.

துணி விஷயத்தில் ஒரு வார்த்தை. உங்கள் இதழ்களின் காலத்தில் டிரெவிரா, டியோலென் என்று பாலியெஸ்டர் துணிகள் கொடிகட்டிப் பறந்தன. குளிர்காலத்துக்குக் கம்பளி. படத்தில் கவுன் அப்படி விறைப்பாக நிற்பதற்குப் பாதிக் காரணம் துணி, மீதிக் காரணம் உள்ளே கொடுத்த லைனிங். மெல்லிய வாயிலில் வெட்டினால் தொங்கும். கனமான கைத்தறிப் பருத்தி, லினன், காட்டன் சாட்டின் இவற்றில் ஏதாவது ஒன்று, பருத்தி லைனிங்கோடு, நம் வெயிலுக்கும் அந்த வடிவத்துக்கும் ஒத்துப்போகும். ஜெர்சி என்று குறிப்பிட்ட மாடல்களை மட்டும் இழுபடாத துணியில் தைக்கவே தைக்காதீர்கள். அவற்றில் டார்ட்டும் தளர்வும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும், துணியின் இழுவையை நம்பி வரைந்தவை. துணி எவ்வளவு வேண்டும் என்று இதழ் சொல்வதையும் அப்படியே வாங்காதீர்கள், பருத்திக்கு அன்றைய அகலம் பெரும்பாலும் 90 சென்டிமீட்டர். இன்று கடையில் 112 கிடைக்கிறது. தரையில் 112-க்கு இரண்டு கோடு போட்டு, காகிதத் துண்டுகளை அடுக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள், அரை மீட்டராவது மிஞ்சும்.

டெய்லரிடம் கொடுக்கலாமா என்று யோசித்தால், தாளோடு கொடுக்காதீர்கள். நம் டெய்லர்கள் சாக்கால் துணியிலேயே வரைந்து வெட்டுகிறவர்கள், தங்கள் கைக்கணக்கை நம்புகிறவர்கள். அடுத்தவர் வரைந்த தாள் அவர்களுக்கு இடைஞ்சல். காடாவில் நீங்கள் சரிசெய்த உடையைக் கொடுத்து "இதுதான் அளவு" என்று சொன்னால், அச்சு அசலாக வரும். ஒன்பது சென்டிமீட்டர் திறந்து நிற்கும் இந்த கவுனைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பக்கத் தையலைப் பிரித்து இரு புறமும் வேறு நிறத்தில் ஒரு பட்டி கொடுங்கள். அறுபதுகளின் கடைசியில் அப்படி நிறம் மாற்றி வெட்டிய கவுன்கள் அந்த இதழ்களிலேயே இருக்கும், யாரும் ஒட்டுப்போட்டது என்று சொல்ல மாட்டார்கள்.

எந்த மாடலில் தொடங்குவது என்ற கேள்வியும் அடுத்து வரும். பன்னிரண்டு தாள்களையும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் பட்டர் பேப்பர் வைத்து வரைந்தவர்களைவிட, தாளுக்கு அடியில் செய்தித்தாளை வைத்து, பல் வைத்த சிறு சக்கரத்தைக் கோட்டின் மேல் உருட்டியவர்கள் அதிகம். உருட்டிய இடமெல்லாம் ஊசித் துளைகள் வரிசையாக விழுந்திருக்கும், வெளிச்சத்தில் மின்னும். அந்தத் துளைகள் ஓடும் கோடு, உங்கள் அத்தை தைத்த உடை. துளை வரிசை அச்சுக் கோட்டை விட்டு எங்கே விலகுகிறதோ அங்கெல்லாம் அவர் தம் உடம்புக்கேற்ப மாற்றியிருக்கிறார். இடுப்பில் மேலே ஏறியிருக்கும், கீழ் ஓரத்தில் குறைந்திருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள். அவர் எவ்வளவு உயரம் என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.